பன்னிரண்டு நாற்பது பேருந்து

கொரியாவின் குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால், பழைய அரிசி ஆலையின் மாடியில் தோஹியின் புத்தகக் கடை இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது வியாழன் மாலை ஆறரைக்கு யார் வேண்டுமானாலும் அங்கே போய்த் தான் எழுதியதைப் படிக்கலாம். மீன்சந்தைப் பெண்கள் வருவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் வருவார்கள். படிக்கக் கூச்சப்படுகிறவர்கள் காகிதத்தை மடித்து வாசலிலுள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காரலாம். டப்பாவில் விழுந்தவற்றைப் படிப்பவள் மல்லே.

விதிகள் இரண்டு. முன்கூட்டியே பிரித்துப் பார்க்கக் கூடாது. யார் எழுதியது என்று கேட்கக் கூடாது.

மல்லே என்பது இதுவே கடைசிப் பெண்ணாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்ட பெயர். ஐந்து வருடம் கழித்து இன்னொருத்தி பிறந்தாள். அவள் பொக்ஜா.

மல்லே பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடம் பயணச்சீட்டு விற்றாள். ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவித்ததும் அவள்தான். இயந்திரம் வந்த பிறகு வேலை போயிற்று. குரல் போகவில்லை. சந்தையில் கெளுத்தி மீனுக்கு அவள் பேரம் பேசுவதைக் கேட்டுத்தான் தோஹி அவளைக் கடைக்கு அழைத்தாள்.

வீடு அவள் பிறந்து வளர்ந்த அதே வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் விற்க மறுத்தாள். கல்யாணமானபோது கணவன்தான் பெட்டியோடு இங்கே வந்தான். எட்டு வருடத்துக்கு முன் இறக்கும்வரை, வாசல் விளக்கை அணைக்க அவனுக்கு அனுமதி கிடையாது. திரும்பி வருகிறவள் வீட்டைத் தேடி அலையக் கூடாது.

பொக்ஜா போனது எண்பத்து நான்கு டிசம்பரில். முதல்நாள் அக்காவின் புதுக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். அதற்காக மல்லே அவளை அறைந்தாள். மறுநாள் மாலை தலையணைக்கடியில் ஒரு சீட்டு இருந்தது: ‘தேஜோன் போகிறேன். மில்லில் வேலை இருக்கிறதாம். தேட வேண்டாம்.’ பகலில் தேஜோனுக்கு இருந்தது ஒரே பேருந்து, பன்னிரண்டு நாற்பது. அதை அறிவித்தவள் மல்லேதான். தங்கை தன் கண்ணில் படாமல் ஏறிப் போய்விட்டாள் என்று நினைத்தாள். அப்பா நான்கு வருடம் புகைப்படத்தோடு தேஜோன் மில் வாசல்களில் நின்றார். அப்புறம் அவரால் நிற்க முடியவில்லை.

அதனால்தான் டப்பாவிலிருந்து ஒவ்வொரு காகிதத்தையும் பிரிக்கும்போது மல்லே முதலில் கையெழுத்தைப் பார்ப்பாள். பொக்ஜாவின் எழுத்து இடப்பக்கம் சாயும். ஒன்பது வருடமாகப் பார்க்கிறாள். இந்த ஊர்க்காரியாக இருந்தவள், என்றைக்காவது ஒரு வியாழக்கிழமை வந்து, பேர் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு தாளைப் போட்டுவிட்டு உட்காரலாம். இதைத் தோஹிக்குக்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கு நல்ல பனி. பதினேழு பேர் வந்திருந்தார்கள். ஆக்டோபஸ் விற்கும் யூ தன் மாமியாரைப் பற்றி எழுதியதைத் தானே படித்துக் கைதட்டல் வாங்கினாள்.

“டப்பாவைத் திறங்கக்கா. நீங்க படிச்சா என் கரண்ட் பில்லுகூடக் கவிதையா இருக்கும்.”

“உன் கரண்ட் பில்லைப் படிச்சா நான் அழுதுருவேன்டி,” என்றாள் மல்லே.

மூன்றாவதாக எடுத்த தாள் குளிர்பதனக் கடையின் ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. எழுத்து நேராக, கட்டை கட்டையாக இருந்தது. இது இல்லை. படிக்க ஆரம்பித்தாள்.

“எண்பத்து நான்கில் நான் பட்டாளத்தில் இருந்தேன். விடுப்பு முடிந்து தேஜோன் வழியாக முகாமுக்குத் திரும்ப வேண்டும். அப்போதெல்லாம் நம் ஊர்க்காரன் எவனும் மூன்றாவது அறிவிப்புக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான். முதல் அறிவிப்புக்கு நிலையத்துக் கடையில் நூடுல்ஸ் கேட்போம். இரண்டாவதற்கு உறிஞ்சுவோம். மூன்றாவதற்குக் காசை வைத்துவிட்டு ஓடுவோம்.”

சிரித்தார்கள். வாத்தியார் ஒருவர் தொடையைத் தட்டினார். “அப்படியேதான்! அப்படியேதான்!”

“அன்றைக்கு மூன்றாவது அறிவிப்பு வரவே இல்லை. கிண்ணத்தின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பேருந்தின் முதுகு தெரிகிறது. முகாமில் பத்து நாள் கழிவறை கழுவினேன். நாற்பது வருடமாக அந்தக் குரல்காரியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. மல்லே சிரிக்கவில்லை. முதல் பனி விழுந்த நாள் அது. உடன் வேலை பார்த்தவள் சூடாக அரிசிக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தாள். மல்லே இரண்டாவது அறிவிப்போடு சன்னலைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போனாள். ஒரே ஒரு தடவை. வண்டி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது, யாரும் வந்து புகார் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டில் அழுகையாக இருந்ததில் அவளும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆரம்பித்ததை நடுவில் நிறுத்த முடியாது. படித்தாள்.

“எதிர் மேசையில் ஒரு பெண்ணும் என்னைப் போலவே வண்டியை விட்டாள். அந்தக் குளிரில் கோட்டுகூட இல்லை. நான் கத்தினேன். அவள் சிரித்தாள். ‘கொழுக்கட்டை வாசம் வருது பாருங்க, அவ திங்கப் போயிருப்பா’ என்றாள்.”

அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி இருந்தது. மல்லே தாளை இறக்கினாள்.

“யார் எழுதினது இது?”

தோஹி மெதுவாக, “அக்கா, அது நாம கேக்கறதில்லையே” என்றாள்.

“தெரியும். நான்தான் இத்தனை வருஷமா அதைச் சொல்லிட்டிருக்கேன். யார் எழுதினது?”

கடைசி வரிசையில் புதிதாக வந்திருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் தக். “மன்னிச்சிருங்கம்மா. நீங்க முதல் வரி படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு, அந்தக் குரல்னு. தாளைத் திருப்பி வாங்கிடலாம்னுதான் நெனச்சேன். சும்மா வேடிக்கையா எழுதினது.”

“திட்டினதுக்குக் கேக்கலை. அந்தப் பொண்ணு.”

“எந்தப் பொண்ணு?”

“கோட்டில்லாத பொண்ணு. எங்க போனா?”

மல்லே நடந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படிப்பவள் அந்த வரிசையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யூ தன் கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“சீட்டு கொடுக்கிற சன்னலுக்குப் போச்சு,” என்றார் தக். “காசு திருப்பிக் கேக்கப் போகுதுன்னு நானும் பின்னாடியே போனேன். சாத்தியிருந்துச்சு. கண்ணாடியில தட்டுச்சு.”

“சத்தமாவா?”

“இல்ல, மெதுவா. வீட்டுக்குள்ள யாரோ தூங்குற மாதிரி. கொஞ்ச நேரம் நின்னுச்சு. நான் சொன்னேன், ‘தங்கச்சி, நல்லா ஓங்கித் தட்டு, வரட்டும் அந்த முண்டம்’னு.” அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதுக்கு அது, ‘வேண்டாம், சாப்பிடட்டும்’னு சொல்லிச்சு.”

சுவர் ஓரமாக, அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாய் தட்டித் தட்டி ஓசையிட்டது.

“அப்புறம்?”

“துறைமுகப் பக்கம் நடந்துச்சு. ஐஸ் லாரி ஒண்ணு நின்னுச்சு, டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். தெற்க மோக்போ போற வண்டி. அதுல ஏறிச்சு.”

“மோக்போவா?” என்றாள் மல்லே. “நாங்க தேஜோன்லதானே தேடினோம்.”

தோஹி எழுந்து வந்து தாளை வாங்கப் பார்த்தாள். “மிச்சத்தை நான் படிக்கட்டுமாக்கா? இல்ல இன்னிக்கு முடிச்சுக்கலாமா?”

“டப்பாவுல இன்னும் ரெண்டு பேரோடது இருக்கு. காத்துக்கிட்டிருப்பாங்க, படி.” தாளை மட்டும் அவள் விடவில்லை.

தோஹி படித்தாள். யாரோ ஒருவருடைய நாய் செத்ததைப் பற்றி. தோஹிக்குப் படிக்க வராது, மூச்சை இடம் தெரியாமல் விடுவாள். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். மல்லே தக்கின் பக்கம் சாய்ந்தாள்.

“அடுத்த மாசம் வருவீங்களா?”

“வரச் சொன்னா வரேன்.”

“அதை எழுதிட்டு வாங்க. சன்னல், லாரி, எந்தக் கையில மூட்டை வச்சிருந்தா, எல்லாத்தையும். நான் படிக்கிறேன்.”

“அம்மா, நாற்பது வருஷம் ஆச்சு. இதுக்கு மேல ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லாததையும் எழுதுங்க.”

“அது பொய்யாயிடுமே.”

“ஆகட்டும்,” என்றாள் மல்லே. “அவ அந்த நூடுல்ஸைச் சாப்பிட்டு முடிச்சான்னு எழுதுங்க.”