துரையின் கடிதங்களுக்குப் பின்பக்கம்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் கூடிவிட்டது. ஆனால் இதை நான் மறக்கமாட்டேன்.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டினபோது ஒரு பையோடுதான் கண்டக்குழிக்கு வந்தேன். மனைவியை இழந்த ஒருவர் என்னை நிக்காஹ் செய்தார். அவர் நல்ல மனிதர். அவரோடு பிறந்த மூத்த நானா, எனக்கு மச்சான், வேறு மாதிரி. யுத்தம் முடிந்து என் மனிசனும் மவுத்தாகிப் போன பிறகு, நான் இருந்த அறையை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுக்க என்று கேட்டார்.

"அகதிக்கு என்னத்துக்குக் கடல் பார்த்த அறை? முகாமுக்குப் போ."

நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் சொல்லுவார். கூச்சத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். உள்ளுக்குள் எரியும்.

அந்த வீட்டு அலுமாரியில் பச்சைத் துணியில் சுற்றின கடிதக்கட்டு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஸ்கொட்லாந்துத் துரை ஒருவர் மச்சானுடைய பூட்டனுக்கு எழுதியவை. துரை பழைய கல்வெட்டுத் தேடுகிறவர்; ஏழைகளின் காணியைப் பிடுங்குகிற அரசாங்கத்தைத் திட்டி எழுதுகிறவரும்கூட. மையவாடியில் கல்லறைக் கற்களில் இருந்த எழுத்தைப் பூட்டன் படியெடுத்து அனுப்புவாராம். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியும். முன்பக்கத்தை வாசித்துப் பெருமையடிப்பார். பின்பக்கம் அரபு எழுத்து. அதை ஓதுகிற துஆ என்று நினைத்து வெள்ளிக்கிழமைகளில் முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றுவார்.

அது துஆ இல்லை. அரபு எழுத்தில் எழுதின தமிழ். துரைக்குச் சொல்ல வேண்டியதைப் பூட்டன் முதலில் அப்படி எழுதிப் பார்த்திருக்கிறார். அந்த எழுத்தை எங்களூரில் ஓதிக்கொடுக்கும் லெப்பை வீட்டில் எனக்குப் படிப்பித்தார்கள். தூசு தட்டும்போது எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்ல சபை வரட்டும் என்று இருந்தேன்.

துரையின் கடிதங்களைச் சேர்த்து ஆவணக் காப்பகத்தில் வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். மச்சான் பள்ளிவாசல் நிர்வாகத்தார் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தார்.

"ஆதியிலிருந்தே இந்தக் கரை எங்கட," என்று தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சி, தேத்தண்ணி கொண்டா. பிள்ள, இவ அகதி. ஒண்டும் கேக்காதீங்க, விளங்காது."

பிள்ளை கடிதத்தைத் திருப்பி மச்சானைக் கேட்டாள். "பின்னால என்ன, ஹாஜியார்?"

"துஆ."

தட்டத்தைக் கீழே வைத்தேன். "நான் வாசிக்கட்டா, மகள்?"

"உனக்கென்ன தெரியும்?"

"ஓதத் தெரியும், மச்சான்."

வாசித்தேன். "துரை அவர்களுக்கு. நான் இந்த ஊரான் அல்ல. எங்களை ஊரைவிட்டு விரட்டினார்கள். ஒரு பாயும் இரண்டு பிள்ளைகளுமாகத் தோணியில் கரையேறினேன். குடிசை போட நிலம் கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு வார்த்தை எழுதவும்."

ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப ஹாஜியார், நீங்களும் வந்தான் வரத்தான்தானே!"

"நிப்பாட்டு!" என்றார் மச்சான்.

நிறுத்தியிருக்கலாம். நான் அடுத்த கடிதத்தை எடுத்தேன். பூட்டன் துரையின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சின கடிதம் அது. இன்னும் உரக்க வாசித்தேன். பிள்ளை இரண்டு பக்கத்தையும் படம் பிடித்தாள். இனி எரித்தாலும் அழியாதாம். போகும்போது நிர்வாகத்தாரில் மூத்தவர், "அந்த மனிசிய அறையால எழுப்பிப் போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் நான்தான் இருக்கிறேன். அன்றைக்கு மச்சான் அழுதாராம், அவருடைய மகள் வந்து சொன்னாள். எனக்கு இனித்தது. அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும், நான் மன்னிக்கவில்லை.

கடிதங்கள் ஏழா எட்டா, நிலம் கேட்டது முதலாவதிலா மூன்றாவதிலா என்று இப்போது நிச்சயமில்லை. காப்பகத்துக்குப் போகிறவர்கள் யாராவது பார்த்து, நான் பிழையாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.