தாடையை இறுக்கிய லேத் பட்டறை

வாயைக் கதவு என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. திறக்கும், மூடும், அவ்வளவுதானே என்பார்கள். காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒரு முறுக்கை மென்று பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னால் இறங்கும், பக்கவாட்டில் நகரும், திரும்பப் போய் உட்காரும். மாடு அசைபோடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் தாடையும் ஏறக்குறைய அந்த ரகம்தான் என்று சொன்னால் மட்டும் யாருக்கும் பிடிப்பதில்லை.

1991இல் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு பல் டாக்டரிடம் பல்செட் செய்யும் வேலையில் இருந்தேன். முன்னறையில் டாக்டர். பின்னறையில் நான், பிளாஸ்டர் தூள், மெழுகு, ஒரு ஸ்டவ், அப்புறம் ஆர்டிகுலேட்டர். ஆர்டிகுலேட்டர் என்றால் ஒன்றும் பெரிய மாயமில்லை. மேலே ஒரு உலோகச் சட்டம், கீழே ஒரு உலோகச் சட்டம். பல் கட்ட வந்தவரின் ஈறுகளை அச்செடுத்து அவற்றில் பொருத்துவோம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சரிவாக ஒரு காடி, நீளப் பள்ளம் மாதிரி, இருக்கும், அதற்குள் ஒரு சின்ன உருண்டை ஓடும். காதோரக் குமிழ் செய்கிற வேலையை அந்த உருண்டை செய்யும். ஆள் ஊரில் இருக்க, அவருடைய தாடையை மட்டும் என் மேசைமேல் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் நகர்த்தும்போது எந்தப் பல் இடிக்கிறது என்று கண்டுபிடித்து மெழுகிலேயே சரிசெய்துவிடலாம். அதைச் செய்யாமல் விட்டால், மெல்லும்போது ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பேச்சுக்கு நடுவே செட் கழன்று மடியில் விழும்.

இதை டாக்டருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலேஜில் படித்தவர்தான். ஆனால் படித்ததைக் காலேஜிலேயே விட்டுவிட்டு வந்தவர். “ஏம்மா, சும்மா தொறந்து மூடினா போதாதா? பேஷண்ட் போகப் போகப் பழகிக்குவாங்க” என்பார். பழகிக்கொள்ளவேண்டியது எப்போதும் பேஷண்ட்தான். நாங்கள் பழகவே மாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவர் வந்தார். ஐம்பதுகூட ஆகியிருக்காது. ஈறு கெட்டு எல்லாப் பல்லும் போய், கன்னம் ஒட்டி, பார்க்க எழுபது போல இருந்தார். அவர் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த நிலத்தை உடைமைக்காரர் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காண்டிராக்டரிடம் போயிருக்கிறார். “பல்லு இல்லாத கெழவன கேட்டாண்ட நிக்க வெச்சா கம்பெனிக்கு இன்னா மரியாதைன்னு கேக்குறாரும்மா. பல்லக் கட்டிக்கினு வா, திங்கக்கெழம ஆபீசராண்ட இட்டுக்கினு போறேன்னாரு” என்றார். வேறு வேலை கிடையாது, வேறு நிலமும் கிடையாது. வீட்டில் இரண்டு பெண்கள்.

அவருக்கு அச்செடுத்த அன்று பார்த்து ஆர்டிகுலேட்டரின் ஒரு திருகு மரை தேய்ந்து போயிற்று. திருகு நிற்கவில்லை. டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், பம்புசெட்டுக்கும் ரைஸ் மில்லுக்கும் சாமான் கடைந்து தருகிற லேத் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்ன ரிப்பேர் என்றும் சொல்லவில்லை. “ஆடுது, பாருங்க” என்றாராம்.

பட்டறைக்காரர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மறுநாள் நான் போனபோது எண்ணெய் துடைத்து, தங்கம் மாதிரி பளபளப்பாக்கி, தட்டில் வைத்து நீட்டினார். மேல் சட்டத்தை நகர்த்தினேன். நகரவில்லை. திறந்தது, மூடியது, அவ்வளவுதான். காடிக்குள் உருண்டையின் இரண்டு பக்கமும் பித்தளைத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்.

“இன்னா தங்கச்சி, இம்மா ஆட்டத்த வெச்சிக்கினு எப்பிடி வேல செஞ்ச? இப்ப பாரு, நூலளவு ஆடாது.”

“அண்ணா, அது ஆடறதுக்குன்னே செஞ்சதுண்ணா!”

“எந்தக் கம்பெனிக்காரன் ஆடறதுக்குன்னு மிஷின் செய்வான்? தேஞ்சிட்ச்சி, நான் டைட் பண்ணிக்கீறேன்.”

வாழ்நாள் முழுக்க ஆட்டத்தை ஒழிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரிடம், இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் விட்டுவையுங்கள் என்று எப்படிப் புரியவைப்பது? அவரைத் திட்டவும் முடியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். பக்கத்து டீக்கடையில் ஒரு முறுக்கு வாங்கிவந்து, காதுக்கு முன்னால் விரலை வைத்து மென்று பார்க்கச் சொன்னேன். என்னை நர்சு என்று நினைத்திருந்தவர், ஏதோ சொல்கிறாளே என்ற தயக்கத்தோடு மென்றார். பாதியில் நிறுத்தி, இன்னொரு காதுக்கு முன்னாலும் விரலை வைத்தார்.

“அட, வழுக்கிக்கினு போவுது!”

“அதேதான் இது.”

“இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று என்மேலேயே பாய்ந்தார். யார் சொல்வது, எப்போது சொல்வது? அப்புறம் ஈயத்தை உருக்கி, துண்டுகளை எடுத்து, காடியை அரத்தால் தொட்டுத் தொட்டுத் துடைத்து, உருண்டையை ஓடவிட்டுக் கொடுத்தார். மரை தேய்ந்த திருகு அப்படியே இருந்தது. அதை நினைவுபடுத்தியதும் இன்னொரு தடவை கோபப்பட்டுவிட்டு, புதிதாக ஒன்று கடைந்தார்.

வாரத்தின் மீதி நாட்கள் அந்தத் தாடையோடுதான் கழிந்தன. வலது பக்கம் நகர்த்து, இடிக்கிற இடத்தில் கறை விடும் நீலத் தாளை நடுவில் வை, கறை விழுந்த பல்லைச் சுரண்டு, இடது பக்கம் நகர்த்து. “இன்னுமா ஆட்டிக்கிட்டு இருக்கே?” என்று டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் மெருகேற்றினேன். அம்மாவிடம் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவருக்குப் போட்டுப் பார்த்தோம். ஒட்டிய கன்னம் எழும்பி, இருபது வயது குறைந்த ஒரு மனிதர் கண்ணாடியில் தெரிந்தார். வேர்க்கடலை கொடுத்தேன். வலது பக்கம் மென்றார், இடது பக்கம் மென்றார். சத்தமாகப் பேசச் சொன்னேன், பேசினார். எதுவும் கழலவில்லை. அவர் வாய் நிறையச் சிரித்தார். டாக்டர் “பாத்தியா, நம்ம கை ராசி” என்றார். போகட்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“கழண்டுட்ச்சா?” என்றேன்.

“இல்லம்மா. பல்லு கெட்டியாத்தான் கீது. வேலதான் இல்லன்ட்டாங்க.”

“ஏன்?”

“குடிச்சிட்டு வந்துக்கீறேன்னு நெனச்சிட்டாரும்மா ஆபீசரு. நான் தொட்டதே இல்ல.”

“எதை வெச்சு அப்படி நெனச்சாரு?”

ஆபீசர் முன்னால் நின்ற மாதிரியே நின்று காட்டினார். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதுகை வளைத்தார். வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நிலத்துக்காரர் வீட்டு முன்னால் காலமெல்லாம் எப்படி நின்றாரோ அப்படி. ஆபீசருக்கு அவருடைய ஒரு பல்கூடத் தெரிந்திருக்காது; சாராய வாசனையை மறைக்கிறார் என்றுதான் பட்டிருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. “கையை எடுங்க!” என்று கத்தினேன். பதறி எடுத்தார். வரிசை அத்தனை அழகாக இருந்தது.

“குடிச்சிருக்கியான்னு கேட்டப்பவாவது கையை எடுத்திருக்கக் கூடாதா?”

அவர் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

“எப்பிடிம்மா? அவரு கோவமாக் கேக்க சொல்லதான் இன்னும் நல்லாப் பொத்திக்கினேன்.”