ரைலியின் கூறு

ரைலி யுண்டுனென் சமையலறைக்குள் கடை இறைச்சி நுழைந்து பதினோரு வருடம் ஆகிறது. பிளாஸ்டிக் தாளில் சுற்றி விற்கிற எதையும் அவள் கறி என்று ஒப்புக்கொள்வதில்லை. "அது எங்க பொறந்துச்சு, எப்படிச் செத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாததை எதுக்குத் திங்கற?" என்பாள். அவள் வீட்டுக்கு எந்த மாதம் போனாலும் மூஸ் மான் கறிதான். காலையில் அடுப்பில் ஏற்றி மத்தியானம் இறக்கிய குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, புளிப்புக்கு லிங்கன்பெர்ரி. இரண்டாம் தட்டு வேண்டாம் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கள் கைனூப் பக்கத்தில் அவள் கால் படாத மாட்டுத் தொழுவம் கிடையாது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை, முப்பத்திரண்டு வருடமாக. தோள்பட்டை வரை ஏறும் கையுறையை மாட்டிக்கொண்டு, "இந்த வட்டாரத்துல பாதிக் கன்னுக்கு நான்தான்டா பொறுப்பு" என்று சத்தமாகச் சிரிப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே வகுப்பு. என் பெயர் ஆஹ்தி. வேட்டைக் குழுவில் நாயோடு காட்டுக்குள் போகிறவன் நான். தலைவருக்கு அடுத்த ஆளும் நான்தான், காகிதத்தில். நான் நடந்துகொண்ட விதத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். நானே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் குழுவில் இடம் கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைவர் கலெர்வோ தெர்வோனென், "இடம் நிரம்பிடுச்சும்மா. விருந்துக்குச் சூப்பு வைக்க ஆள் வேணும்னா சொல்லியனுப்பறேன்" என்றார். "சூப்பை நீயே வச்சுக் குடி. சுடற பரீட்சை என்னைக்குன்னு மட்டும் சொல்லு" என்றாள் ரைலி. எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் மரத்தாலான மான், அதன் நெஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், நான்கு குண்டு. அவள் அடித்த நான்கு துளையையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். அதே வசந்தத்தில் கலெர்வோ இரண்டாம் தடவைதான் தேறினார், இதை யாரும் அவர் காதுபடச் சொல்வதில்லை. வேறு வழியில்லாமல் அவளைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு இடத்தில் காத்திருந்து சுடுவதில் சதுப்போரத்து ஐந்தாம் நம்பர் இடத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் காக்காய் கூட வராது. மூன்று இலையுதிர்காலம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான்காவதில் ஒரு கொம்பு மூஸ் நேராக அவள் முன்னால் வந்து நின்றது, சாய்த்துவிட்டாள், அதோடு மற்றவர்களின் கேலி அடங்கியது.

போன அக்டோபரில், வேட்டைக்காலத்தின் முதல் சனிக்கிழமை, கலெர்வோ வழக்கமான எச்சரிக்கையைக் கொடுத்தார். "கன்னோட நிக்கிற பசு மேல எவன் குண்டு பட்டாலும் அவன் அன்னிக்கே வெளியே. அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது." எங்கள் பேச்சில் பெட்டை மூஸ் பசுதான், அதன் குட்டி கன்றுதான். சட்டமும் அதையேதான் சொல்கிறது: முதலில் கன்று, இல்லையென்றால் இரண்டையும் விடு. நான்கு வருடத்துக்கு முன்னால் தைஸ்தோ என்ற நல்ல மனுஷன் இந்தத் தப்பைச் செய்துவிட்டு, தானே வந்து சொல்லி அழுதான். கலெர்வோ அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அவன் ரைபிளை விற்றுவிட்டான். இப்போதும் எங்களைப் பார்த்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான்.

பத்து மணி சுமாருக்கு என் நாய் ஹல்லா காட்டுக்குள் குரைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஆறாம் நம்பரிலிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம். வாக்கி டாக்கியில் கலெர்வோவின் குரல்: "விழுந்தாச்சு. பெரிய பசு." நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பார்த்தால், பசு கிடக்கிறது. இருபது தப்படி தள்ளி, இளம் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பின்னால் கன்று நிற்கிறது. ஓடக்கூடத் தெரியாமல் நிற்கிறது. கலெர்வோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பாக்கலை ஆஹ்தி. சத்தியமாப் பாக்கலை."

அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். அது யாருக்கும் நடக்கக்கூடிய தப்பு. அதற்குப் பிறகு நடந்தது தப்பில்லை, அயோக்கியத்தனம்.

நெருப்பு மூட்டி, குச்சியில் சாசேஜ் சுட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், பன்னிரண்டு பேர். கலெர்வோ ரைலியைத் தனியாகக் கூப்பிட்டார். கூப்பிட்டாரே தவிர, நான்கு எட்டுக்கு மேல் போகவில்லை. பேசியது அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"ரைலி, ஒரு உதவி. நீதான் சுட்டேன்னு சொல்லிடு. அஞ்சும் ஆறும் பக்கத்துப் பக்கத்து இடம்தானே? பொம்பளை, பதட்டத்துல சுட்டுட்டான்னு ஊரே மன்னிச்சுடும். உன்னை நான் வெளிய அனுப்ப மாட்டேன், வார்த்தை தர்றேன்."

ரைலி வாயிலிருந்த சாசேஜை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"என்னன்னு சொல்லணும்? பசு பக்கத்துல கன்னு நிக்கிறதைப் பாக்கத் தெரியலைன்னா? நானா? முப்பத்திரண்டு வருஷமா மாட்டுக்குப் பின்னாடி நின்னே பொழப்பு நடத்தறவ நான். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒரு தொழுவத்துக்குள்ள நுழையறது? மாடே சிரிக்கும்யா!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கலெர்வோ திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவருடைய மைத்துனன் பென்ட்டி குறுக்கே வந்தான். "ஒத்த வார்த்தை ரைலி. சொன்னா உன் தலையா போயிடும்?"

"ஒத்த வார்த்தைதானே, நீ சொல்லேன். உன் மச்சான்தானே?"

பென்ட்டி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். கலெர்வோவின் முகம் மாறியது. "சரி, விடுங்க. கன்னே இல்லை. இது கன்னில்லாத பசு. ஆஹ்தி, நீ ஏதாவது கன்னைப் பாத்தியா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, நன்றாகவே மாட்டியிருந்த ஹல்லாவின் கழுத்துப் பட்டையை இன்னொரு முறை மாட்டினேன்.

பசுவை அறுப்புக் கொட்டகையில் தூக்கிக் கட்டினோம். கலெர்வோ வேட்டைக் கணக்குப் படிவத்தை எடுத்து "கன்றில்லாத பசு" என்று எழுதிக்கொண்டிருந்தார். ரைலி உள்ளே வந்து, முழங்கை வரை கையைக் கழுவி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று நாங்கள் யோசிப்பதற்குள் மடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். பால் சிமெண்டுத் தரையில் பீய்ச்சி அடித்தது. இன்னொரு தடவை இழுத்து உள்ளங்கையில் வாங்கி, அந்தக் கையைக் கலெர்வோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன கலெர்வோ? மழைத்தண்ணியா?"

அவள் பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டாள். "இந்தக் காபி ஆறுறதுக்குள்ள போலீசுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நீ பண்ணலைன்னா நான் பண்ணுவேன்."

"பண்ணு. பண்ணினா இந்தக் குழுவுல உனக்கு இடம் கிடையாது. இந்தக் காட்டுல ஒரு முயலைக்கூட நீ சுட முடியாது. நல்லா யோசிச்சுக்க."

இது வாய்ச்சவடால் இல்லை. சுற்றியுள்ள நான்கு கிராமத்துக் காடும் எங்கள் குழுவின் குத்தகையில்தான் இருக்கிறது. வெளியே போனால் அவளுடைய ரைபிள் பீரோவுக்குள்தான் தூங்கும், சாப்பாட்டு மேசையில் கடைப் பன்றிதான் வந்து உட்காரும். இது அவளுக்கும் தெரியும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆஹ்தி. கன்னைக் கண்ணால பாத்தவன் நீ. சொல்லுடா."

நான் சொல்லவில்லை.

"வாயில என்ன, வெந்த உருளைக்கிழங்கா?"

அப்போதும் சொல்லவில்லை. அவள் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள், கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள், போனை எடுத்தாள். "ரைலி யுண்டுனென் பேசறேன். எங்க வேட்டையில கன்னோட நின்ன பசுவைச் சுட்டாச்சு. சுட்டது நான் இல்லை. சுட்டவர் பக்கத்துலயே நிக்கிறார், அவரே சொல்வார்." போனை நீட்டினாள்.

கலெர்வோ அதை ஏதோ பாம்பு மாதிரி பார்த்தார். பிறகு வாங்கினார். "கலெர்வோ தெர்வோனென். நான்தான் சுட்டேன்" என்றார். குரல் நடுங்கவில்லை, அதை நான் சொல்லத்தான் வேண்டும். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சொல்லியாச்சு. இப்ப நீ கெளம்பு, திரும்பி வராதே" என்றார்.

"கெளம்பறேன். ஆனா வருவேன்."

பசு அரசாங்கத்துக்குப் போனது. கலெர்வோவின் ரைபிளைப் போலீஸ் வாங்கிப் போனது. விசாரணை முடியும் வரை அவர் குழுவை நடத்தக் கூடாது என்றானதும், காகிதத்தில் அடுத்த ஆளாக இருந்த நான் தலைவனாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தொழுவ வாசனையோடு ரைலியின் வண்டியும் வந்தது.

"உன்னை யாரு கூப்பிட்டது?" என்றான் பென்ட்டி.

"கன்னு கூப்பிட்டுச்சு. தாய் இல்லாம அது இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது, பட்டினியில சாகும். அதை முடிச்சு வைக்க உங்கள்ல எவனுக்குக் கை ஆடாம நிக்கும், சொல்லு, நான் வீட்டுக்குப் போறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "தலைவரே, நான் எங்க நிக்கட்டும்?"

ஐந்தாம் நம்பரில் நிற்கச் சொன்னேன். கன்றுக்காகத்தான், அவளுக்காக இல்லை என்று பென்ட்டியிடம் பிறகு போய்ச் சமாதானமும் சொன்னேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

கன்று தாய் விழுந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஹல்லா கிளப்பிவிட்டதும் சதுப்போரமாகப் போனது. ஒரே குண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது ரைலி அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு முட்டி போட்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எழுதிக்க. கன்னு, பெட்டை, ஒரு குண்டு" என்றாள்.

கறி மூன்று நாள் தொங்கியது. அந்த மூன்று நாளும், ரைலிக்குக் கூறு கொடுக்கக் கூடாது என்று கலெர்வோ எல்லோர் வீட்டுக்கும் போன் போட்டார். எனக்கு இரண்டு தடவை.

புதன்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கறியை வெட்டி, எலும்பும் சதையும் சமமாக வரும்படி பன்னிரண்டு கூறு போட்டோம். கலெர்வோ வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். துப்பாக்கிதான் போனதே தவிர அவர் பங்கு போகவில்லை.

"பதினொண்ணு போதுமே. வெளியாளுக்கு எதுக்குக் கூறு?"

"கன்னைச் சுட்டதே அந்த வெளியாளுதான்" என்றாள் ரைலி. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

எந்தக் கூறு யாருக்கு என்று சண்டை வராமலிருக்க, தலைவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது எங்கள் வழக்கம். பின்னால் ஒருவன் ஏதாவது ஒரு கூறைத் தொட்டுக் கேட்பான், தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். நான் திரும்பி நின்றேன். பலகைச் சுவரில் ஒரு துருப்பிடித்த ஆணி.

"இது யாருக்கு?" என்றான் பென்ட்டி.

"ரைலிக்கு" என்றேன்.

"யாருக்கு?" என்று மறுபடி கேட்டான்.

"காது செவிடா உனக்கு? ரைலி யுண்டுனெனுக்கு! அடுத்தது!" என்று கத்தினேன். கத்தினது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மிச்சம் பதினோரு பெயரையும் மளமளவென்று சொல்லி முடித்தேன். கடைசியில் கலெர்வோ பெயர்.

திரும்பிப் பார்த்தபோது அவள் கறியை வாளியில் அள்ளி முடித்து வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். "தள்ளுய்யா" என்றாள். கலெர்வோ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார். "சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுவேன். எனக்கு முன்னாடி யாரும் கெளம்பாதீங்க" என்றாள் ரைலி.

அவள் ஒரு நன்றி சொல்வாள் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் படியில் நின்று என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நல்லாத்தான் கத்தினே, ஆஹ்தி. அன்னைக்கு நான் உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். உனக்குச் சுவத்தைப் பாத்தாத்தான் வாய் வருது."