கட்டியை எடுத்த பிறகு

ஆனி மாதம் என் இதயத்தின் இடது மேலறையிலிருந்து கட்டியை அறுத்தெடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் என் மனைவி உறவினர்களுக்கெல்லாம் இறால் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். ஐப்பசியில் தலைவலி தொடங்கியது. சென்னையில் ஸ்கேன் எடுத்தபோது மூளையின் ரத்தக்குழாய்களில் நான்கைந்து இடங்களில் வீக்கம் தெரிந்தது. இதயத்துக் கட்டியின் துணுக்குகள் ரத்தத்தோடு போய்க் குழாய்ச் சுவர்களில் ஒட்டி, சுவரை நைந்துபோகச் செய்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். பெரிய வீக்கத்தை, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கம்பிச் சுருளால் அடைக்கலாம். அடைக்கும்போதே வெடிக்கவும் கூடும். விட்டுவைத்தால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

கார்த்திகையில் வரச் சொன்னார்கள். அப்போது ஏரி நடுவிலிருக்கும் எங்கள் தீவுக்குப் பாலம் வரவில்லை. பையோடு துறைக்குப் போனேன். படகோட்டி என் சித்தப்பா மகன். அவன் இன்ஜினைத் தொடவே இல்லை.

"அண்ணி சொல்லிட்டாங்கண்ணே. உன்ன ஏத்துனா என் வலைய அறுத்துப் போட்டுடுவாங்களாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்டா."

"அதுக்குத்தான் ஏத்தக்கூடாதுன்னாங்க. சாராயக் கடைக்குன்னா சொல்லு, இப்பவே வுடறேன்."

பக்கத்துப் படகில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் ஏற்றவில்லை. வற்றிய காலத்தில் ஏரியை நடந்தே கடந்தவன் நான். மழைக்குப் பிறகு தண்ணீர் ஏறியிருந்தது. சிரமப்படக் கூடாது என்ற உத்தரவு வேறு. வீட்டுக்குத் திரும்பினேன்.

"இன்னாயா, போலயா?" என்றாள் மனைவி, அரிந்துகொண்டிருந்த மீனிலிருந்து தலை நிமிராமல்.

"எத்தினி நாளைக்குத் தடுப்ப?"

"கட்டியத்தான் எடுத்துட்டாங்களே. இதுவும் தானா வத்திடும்."

"அப்படி இல்லன்னு டாக்டர் சொன்னாரே."

"வெடிக்கும்னும்தான் சொன்னாரு. உன்ன முழுசா திருப்பித் தருவாரா?"

"நீயே வந்து கேளு."

மீதி மீனையும் அரிந்து முடித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, புடவை மாற்றி வந்தாள்.

சென்னையில் மருத்துவர் பழைய படத்தையும் அன்று எடுத்த புதிய படத்தையும் அருகருகே வைத்தார். அதே வீக்கம், சில வாரங்களில் பருத்திருந்தது. அவள் ஒப்புதல் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பெரியதை அடைத்தாயிற்று. சிறியவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம், அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அவை என்னோடுதான் இருக்கின்றன. வீட்டில் நான் பலமாகத் தும்மினால் அடுப்படியில் சத்தம் நின்றுவிடும். நானும் அசையாமல் நிற்பேன்.

"இருக்கியா?" என்பாள்.

"இருக்கேன்."