புகைக்குப் பயந்து வெயிலில் பெண் பார்த்த கதை

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க எடுத்தவுடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். முதலில் கோயிலிலோ கிரிவலப் பாதையிலோ தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் ஒரு நாடகம். பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. எனக்குக் கிரிவலப் பாதை என்று முடிவானது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே வீசிங், மூச்சு இழுப்பு. அதைக் கேள்விப்பட்டே முன்பு வந்த வரன்கள் நழுவிப் போயின. ஆகவே பேசி முடிக்கும்வரை அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டாள். மூச்சு விடுவதுதானே அம்மா என் பிரச்சினையே என்றேன். முறைத்தாள்.

நாள் குறித்தது அம்மா, சித்திரையில் கூட்டமில்லாத ஒரு நாள். நேரம் குறித்தது நான். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் வேலை எனக்கு. காலையிலும் மாலையிலும் பஸ்ஸும் வேனும் கக்குகிற புகையைத் தினமும் தின்கிறவன். மத்தியானம் வண்டி கம்மி, புகையும் கம்மி, அதனால் மத்தியானமே போகலாம் என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண்ணும் அவள் அப்பா அம்மாவும் வந்தார்கள். "அட, நீங்களா!" என்று இரண்டு வீட்டாரும் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் பாதம் வெந்துவிட்டது. கிரிவலத்துக்குச் செருப்பு போடக் கூடாதே! ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழலுக்கு ஒரே ஓட்டம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மணிலாக்கடலை பயிரிடுகிற பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி எல்லோரையும் முந்தினார். குதித்துக் குதித்து ஓடிய என்னைப் பார்த்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். இவளும் நழுவிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் அப்போதுதான் பிடித்துக்கொண்டது.

அடி அண்ணாமலை வரும்போது கண் எரிந்தது, நெஞ்சு இறுகியது. ரோட்டில் வண்டியே இல்லையே, பிறகு ஏன்? பிற்பாடு டாக்டர் விளக்கினார். காலையில் வண்டிகள் விட்ட புகை கடும் வெயிலில் வெந்து வேறொரு வாயுவாக மாறுமாம். வெயில் ஏற ஏற அது ஜாஸ்தியாகுமாம். காற்றும் அசையாவிட்டால் இழுப்புக்காரன் பாடு திண்டாட்டம்தான். நாளிலேயே மோசமான நேரத்தைத் தேடிப் பிடித்துப் பெண் பார்க்கப் போன மகராசன் நான்.

இருமினேன். தூசி என்றாள் அம்மா. மறுபடி இருமினேன். வேப்பம்பூ வாசனை ஒத்துக்காது என்றாள். அப்புறம் நெஞ்சு விசிலடித்தது. அதற்குமேல் அம்மாவிடம் சரக்கு இல்லை. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பூக்கூடையில் மல்லிகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இன்ஹேலரை அம்மா கண் கலங்க எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் பார்க்க இழுத்தேன். மூச்சு வந்தது, மானம் போனது. தலை நிமிர முடியவில்லை.

பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நாளா இருக்குதுங்களா?"

"சின்ன வயசுலேர்ந்துங்க."

"வெயில் காலத்துலதான் ஜாஸ்தியா?"

"ஆமாங்க. தை மாசியில எனக்கு ஒண்ணுமே இருக்காது. ஓடவே செய்வேன்."

இப்போதும் ஓடத்தானே செய்தீர்கள் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, வைகாசில முகூர்த்தம் பாக்க வேணாம். அப்பவும் இதே வெயில்தான் இருக்கும். போகிப் புகையெல்லாம் அடங்கட்டும், தையில பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த இன்ஹேலரையும் பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப தையிலயே வச்சிக்கலாங்களா, சம்பந்தியம்மா?"