மேலே ஏறிய கடல்

ராஜா அண்ணாமலைபுரத்தில், பழைய அடுக்ககம் ஒன்றின் நான்காவது மாடியில் எங்கள் வீடு. பால்கனியில் நின்றால் அடையாறு கடலில் கலக்கும் இடம் தெரியும், அதற்கப்பால் ஒரு கோடாகக் கடல். தினமும் விடியும்போது அதைக் கொஞ்ச நேரம் விடாமல் படமெடுத்து, ஒரு மாதத்துப் படங்களையும் கோத்து டைம்லாப்ஸாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முதல் முயற்சி பல்லிளித்தது. படத்துக்குப் படம் வெளிச்சம் மாறிக் கண்ணைக் குத்தியது. ஆட்டோவை அணைத்தேன். ஃபோகஸைப் பூட்டினேன். முக்காலியை நம்பாமல் பால்கனியின் கைப்பிடிக் கம்பியிலேயே கேமராவைக் கிளாம்ப் போட்டு முறுக்கினேன்.

மழை விட்டு விட்டுப் பெய்த மாதம் அது. கடைசியில் ஓட்டிப் பார்த்தால், மேகம் ஓடுகிறது, ஆறு நிறம் மாறுகிறது, கடல் மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேமரா தலை குனிந்திருக்கிறது, யாரோ இடித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? வீட்டில் இருப்பதே நானும் என் கணவரும்தான். காலையில் காபியோடு அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்பது அவர்.

"ஏங்க, உங்களுக்கு நிக்க வேற இடமே இல்லையா?"

"அம்மா தாயே, உன் கேமராவை நான் தொடவே இல்ல!"

"அப்ப பேய் வந்து இடிச்சுதா?"

அடுத்த மாதம் முழுக்க வீட்டில் இதே பாட்டுதான். கடைசியில் கேமராவைப் பக்கத்து அறை ஜன்னலுக்கு மாற்றினேன். படத்தின் அடியில் பால்கனிக் கம்பி குறுக்கே வந்தது. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குக் கிளம்பும் முன் கூடத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். கடல் அசையவில்லை. "பாத்தீங்களா!" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே உறைந்துபோனேன். கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டினேன். இறங்குகிறது. மாதாவே! கேமரா குனியவில்லை, பால்கனியே குனிந்துகொண்டிருக்கிறது.

நிமிர்ந்தால், அவர் அங்கே கம்பியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"உள்ள வாங்க!"

"கேமராதான் உள்ள போயாச்சே, இன்னும் இன்னா? நான் இங்கதான் நிப்பேன்." வீம்புக்கு இன்னும் அழுத்திச் சாய்ந்தார்.

விழப்போகிறது என்று சொன்னால் பதறித் துள்ளுவார். போய் இழுத்தால் என் கனமும் சேரும். குரலை இறக்கிச் சொன்னேன்.

"நீங்க இடிக்கலைங்க. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் அவர் கேட்டிராத வார்த்தை. திரும்பி என்னை முறைத்துப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க உள்ளே வந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். பால்கனி வாசலை ஒட்டிக் கிடந்த கால்மிதியை விலக்கிப் பார்த்தேன். அதன் அடியில், பால்கனி வீட்டோடு சேரும் இடத்தில், தரை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ நிக்காத நிக்காதன்னு கத்தினியே, அந்தக் கடுப்புலதான் தினமும் இன்னும் கொஞ்ச நேரம் சேத்து நின்னேன்."