தராசு முகம் சுளித்த பெட்டி

என் ஓர்ப்படிக்கு எங்கள் வீட்டில் தராசு என்று பெயர். வைத்தவர் என் கணவர். கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைச் சரிபார்த்துப் பழுது நீக்குவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தராசுக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மெக்கானிக் வராமல் போக, தவித்துக்கொண்டிருந்த முதலாளியிடம், "நான் போய்ப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கியவள்தான், இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். தோளில் ஒரு பை, அதற்குள் இரும்பு எடைக்கற்கள். அந்தத் தோளுக்கு என் கொழுந்தன் தினமும் தைலம் தேய்த்துவிடுகிறார். எனக்கும்தான் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து முதுகு ஒடிகிறது. தேய்த்துவிட ஆளைக் காணோம்.

அதுகூடப் போகட்டும். வெளியூர் போனால் அவள் கையை வீசிக்கொண்டு திரும்பமாட்டாள். கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பையைப் பிரிப்பாள், வீடே சுற்றி உட்காரும். எடைக்கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு மரக்கரண்டி வரும், ஒரு பாட்டில் தேன் வரும், பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய புத்தகம் வரும். கரண்டியைச் செதுக்கியவர் ஏன் அந்த மரத்தை எடுத்தார் என்ற கதையும் கூடவே வரும். வாயைத் திறக்கவே யோசிக்கிற என் மாமனார்கூட "அப்புறம்?" என்பார். அந்த நேரத்தில் நான் இத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருப்பேன். டீ நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில்லை.

என் மகளோ சித்தியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள். நான் எதை வாங்கிக் கொடுத்தாலும் "ம், நல்லாருக்கும்மா" என்பாள். அந்த 'ம்' இருக்கிறதே, அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அவள் கல்லூரி விடுதிக்குக் கிளம்ப இருந்த சமயம். "என் மேஜை மேல வெக்க நம்ம வீட்டு ஞாபகமா ஒண்ணு வேணும் சித்தி. அடுத்த ஊர்ல எனக்காகப் பாருங்க" என்றாள். பெற்றவள் பக்கத்தில்தான் நின்று அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேஜையில் நான் வாங்கிய பொருள்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

"இந்தத் தடவை நானும் உன்கூட வரேன்" என்றேன்.

"வாங்கக்கா! வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டு ரெண்டு பேரும் சுத்தலாம்." அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

அது வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிற ஊர். காலையிலேயே அவள் இரண்டு கடைகளில் தராசைப் பிரித்துப் பூட்டிவிட்டாள். பிறகு கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைக் கவனித்தேன். பளபளவென்று கண்ணாடி போட்ட பெரிய கடைகள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கடைகளில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போகும் சந்துக்குள் நுழைந்து எனக்குச் சூடாக ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். நல்ல ரொட்டிதான், இல்லை என்று சொல்லவில்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் தேன் எங்கே நன்றாயிருக்கும், புத்தகம் எங்கே கிடைக்கும் என்று பேச்சுக் கொடுத்து விசாரித்துக்கொண்டாள். அப்புறம் தெரு முழுக்க ஒரு நடை. அந்த முதல் நடையில் எதையும் வாங்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் அவள் முகத்தைச் சுளிக்கிறாள். கசப்பு மருந்து குடித்த குழந்தை மாதிரி. ஆசை தெரிந்தால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவாராம். தேன் கடையில் சுளித்தாள், திரும்பி வரும்போது வாங்கினாள். புத்தகக் கடையில் படம் போட்ட புத்தகம் ஒன்றைப் பார்த்துச் சுளித்தாள், அதையும் என் மகளுக்கென்று வாங்கினாள். பிடி கிடைத்துவிட்டது எனக்கு.

கடைசியாக ஒரு மரச்சாமான் கடை. சின்னச் சின்ன இழுப்பறைகளோடு, மூடி போட்ட பெட்டி ஒன்று இருந்தது. அதைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவினாள். அப்போது ஒரு சுளி சுளித்தாள் பாருங்கள், அன்றைக்குச் சுளித்ததிலேயே அதுதான் பெரியது. பெட்டியை வைத்துவிட்டு நடந்தாள். மேஜைக்கு இதுதான் என்று தெரிந்துவிட்டது.

"எனக்குக் கால் வலிக்குது. நீ பார்த்துட்டு வா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றேன். அவள் தலை மறைந்ததும் கடைக்குள் பாய்ந்தேன்.

"தொறந்து காட்டட்டுமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் வேணாம், சீக்கிரம் கட்டுங்க."

என் பையில் மாற்றுத் துணிக்கு அடியில் அதை அமுக்கினேன். அவள் திரும்பி வந்து கடைக்குள் போனாள். வெறுங்கையோடு வெளியே வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேங்க்கா. அதுக்குள்ள யாரோ வாங்கிட்டாங்களாம்."

"அடடா! யாருக்கு?"

"விடுங்க, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்."

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பெட்டியை ஒளித்த பை என் மடியில் இருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் பயணமும் போனதில்லை.

வீட்டில் அன்றைக்குக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்தவள் நான். டீ வேறு யாரோ போட்டார்கள். பொட்டலத்தை என் மகள் பிரித்தாள்.

"அம்மா! இதை நீயா வாங்கினே?"

"பின்னே? உன் மேஜைக்குன்னு நானே தேடிப் பிடிச்சேன்."

ஆசையோடு மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்தாள். பிறகு சிரித்தாள். "ஏம்மா, உனக்கு வாங்கிட்டு எனக்குன்னு சொல்றியா?"

குனிந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் நூல்கண்டு மாட்ட வரிசையாக மரக்குச்சிகள். இழுப்பறைக்குள் ஊசிக்கும் பட்டனுக்கும் தனித்தனி அறைகள். ஓரத்தில் கத்தரிக்கோல் செருக ஒரு தோல் பட்டை. ஊசியைத் தொடாதவர்கள்கூடப் பார்த்த மாத்திரத்தில் தையல் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள். தைத்தே காலம் தள்ளுகிற எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே பெட்டியைப் பார்த்தேன்? அவள் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தராசு அந்தப் பெட்டியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த வீட்டில் தைக்கிறவள் நான் ஒருத்திதான். என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் வாயைத் திறந்தால் என் மானம் போய்விடும். திறந்தாள்.

"அக்கா கண்ணே கண்ணு! நான் அந்தத் தெருவுல ரெண்டு தடவை நடந்தேன், என் கண்ணுல இது படவே இல்லையே" என்றாள்.

மகள் சித்தியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். பெட்டி என் மெஷின் பக்கத்தில் இருக்கிறது. நூல் சிக்குவதில்லை, கத்தரி தொலைவதில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். தராசு வீட்டில் இருந்தால் நான் மெதுவாகத்தான் பதில் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை அவள் அதைச் சொல்லிக் காட்டியிருந்தால், நன்றாகச் சண்டை போட்டுவிட்டு மனசு ஆறியிருப்பேன். சொல்லமாட்டேன் என்கிறாளே, பாவி.